யாரும் செருகாத ஹெட்போன்

கணவர் இறந்த ஏழாம் மாதத்திலிருந்து டீச்சர் வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு கோளாறு. தினமும் மாலை ஆறு மணியானால், பாடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கர்கள் இரண்டும் நின்றுவிடும். அரைமணி கழித்துத் தானாக வரும்.

இன்று மெக்கானிக் வந்திருந்தார். ஆறடித்தது, பாட்டு நின்றது. அவர் திறந்த பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“ஹெட்போன் செருகினா உள்ள ஒரு தகடு விலகும் டீச்சர். உடனே ஸ்பீக்கர் நின்னுடும். இப்ப விலகித்தான் இருக்கு.”

“ஹெட்போனே வீட்ல இல்லையே. அவரோடதை என் தம்பி கொண்டுபோயிட்டான்.”

மெக்கானிக் மீட்டரை வைத்தார். “கூத்தைப் பாருங்க, ஹெட்போன் ஓட்டைக்குக் கரண்டும் பாயுது. யாரோ உக்காந்து கேக்கிற மாதிரி! தகட்டை விலகாம ஈயத்தால பத்தவச்சிடறேன். அப்புறம் ஸ்பீக்கர் நிக்கவே நிக்காது.”

“கொஞ்சம் இருங்க.”

ஆறிலிருந்து ஆறரை வரை டீச்சர் விடைத்தாள் திருத்தும் நேரம். தொந்தரவு கூடாதென்று கணவர் முப்பது வருஷம் ஹெட்போனில்தான் பாட்டுக் கேட்டார். அப்போது கத்திக் கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது; தோளைத் தொட வேண்டும்.

டீச்சர் கணவரின் காலி நாற்காலியருகே போய், தோள் இருக்கும் உயரத்தில் கையை வைத்தார்.

“என்னங்க.”

‘டக்’கென்று தகடு ஒட்டிக்கொண்டது. சரணத்தின் நடுவிலிருந்து ஸ்பீக்கர்கள் பாடின. பாட்டின் நல்ல இடத்தில் கலைத்துவிட்டோமே என்று டீச்சருக்குச் சங்கடமாகிவிட்டது.

“ஒண்ணுமில்ல, சும்மாதான். நீங்க கேளுங்க.”

பாட்டு நின்றது.