பச்சைச் சதுரம்

"பூங்காவைத் திங்கேலுமா? மீன் சந்தையைப் போடுங்க," என்றார் அச்சிமுகம்மது.

ஊர்ச் சபையின் கட்டட வேலைகளைக் கவனிக்கும் ஓவசியர் தங்கராசா மேசையில் விரித்திருந்த படத்தைப் பார்த்தார். பெருவெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காகக் கல்முனைக்குப் பக்கத்தில் நேர்நேர்த் தெருக்களோடு எழும்பிய புதுக் குடியிருப்பு அது. நடுவில் ஒரு சதுரத்துக்குக் கொழும்பில் யாரோ பச்சை மை பூசி, பூங்கா என்று எழுதியிருந்தார்கள். குடியிருப்பவர்கள் விரும்பினால் அந்த இடத்தில் சந்தையும் கட்டலாம் என்று சபை சொல்லியிருந்தது. எது வேண்டும் என்று கேட்கத்தான் பள்ளிக்கூட மண்டபத்தில் அன்று கூட்டம்.

அச்சிமுகம்மது ஏன் சந்தை கேட்கிறார் என்று யாரும் யோசிக்கவில்லை. அவர் கரைவலை முதலாளி. மீன் இறக்கும் அவருடைய கடற்கரை வாடியிலிருந்து அந்தச் சதுரம் கூப்பிடு தூரம். கல்முனைச் சந்தையோ வெயில் நாளில் கீரிமீன் பதம் கெட்டுப்போகிற தூரம்.

அவர் உட்காருவதற்குள் ஸைனுலாப்தீன் எழும்பிவிட்டார். இவர் நெல் வியாபாரி, அச்சிமுகம்மதுவின் தங்கை சபூறாவின் கணவர். சீதனமாகக் கொடுத்த மாவடிப்பள்ளி வயலில் போகத்துக்குப் போகம் தண்ணீர் தேங்கியதில் மச்சான்மார் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. பேச்சுத்தான் நின்றதே தவிர, தர்க்கம் நிற்கவில்லை. அச்சிமுகம்மது பிறை கண்டேன் என்றால் ஸைனுலாப்தீன் அது மேகம் என்பார். பள்ளிவாசல் சுவருக்குப் பச்சை அடிப்போம் என்று அச்சிமுகம்மது சொன்ன வருசம், ஸைனுலாப்தீன் தன் செலவிலேயே வெள்ளை அடித்துக் கொடுத்தார்.

"எங்கட புள்ளைகள் ஓடி வெளையாட ஒரு முழ நெலம் இரிக்கா? காத்து வேணாமா, நெழல் வேணாமா? பூங்காதான் வரணும்," என்றார் ஸைனுலாப்தீன்.

இதை அச்சிமுகம்மதுவுக்கு வீட்டிலேயே ஒருவர் சொல்லிப் பார்த்திருந்தார். அவருடைய மனைவி றபீக்கா. ஆண்கள் பகைத்தாலும் பெண்களுக்குள் போக்குவரத்து இருந்தது. சபூறாவுக்கு மூச்சிழுப்பு, புழுதியும் மீன் வாடையும் ஆகவே ஆகாதென்று டாக்டர் சொல்லிவிட்டார், அவளுடைய வீட்டு வாசல் அந்தச் சதுரத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது என்று முந்தின நாள் சோறு போடும்போது றபீக்கா சொன்னாள். அச்சிமுகம்மது முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றச் சொன்னார். அதற்குப் பிறகு றபீக்கா அவரோடு கதைக்கவில்லை.

கூட்டத்தில் அவர் விடவில்லை. பூங்கா வைத்தால் ஆடுதான் மேயும் என்றார். ஸைனுலாப்தீன் முள்ளுக்கம்பி அடிக்கலாம் என்றார். மரம் வளர்க்கத் தண்ணீர் எங்கே என்று அச்சிமுகம்மது கேட்டார். தன் கிணற்றிலிருந்து தருவதாக ஸைனுலாப்தீன் சொன்னார். ஓவசியர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

கை தூக்கச் சொன்னபோது ஸைனுலாப்தீனின் சொந்தக்காரர்கள் முழுப்பேரும் பூங்காவுக்குத் தூக்கினார்கள். மண்டபத்து நீள வாங்குகளில் உட்கார்ந்திருந்த மற்றவர்களும் சுற்றிப் பார்த்துவிட்டு மெல்ல மெல்லத் தூக்கினார்கள். அச்சிமுகம்மது தோளில் கிடந்த சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

மழைக்குப் பிறகு சதுரத்தில் புல் பிடித்தது. வேம்பும் வாகையும் நட்டார்கள். ஸைனுலாப்தீன் சொன்னபடி முள்ளுக்கம்பி அடித்தார், தண்ணீரும் கொடுத்தார். போதாதென்று தன் வீட்டுப் பின்புறக் கோடிக்குள் அடுக்கியிருந்த முதிரைப் பலகைகளைக் கொடுத்து நான்கு வாங்குகளும் செய்வித்தார். சந்தை வந்தால் வாசலில் தேத்தண்ணிக் கடை போடலாமென்று கூட்டத்துக்கு முன்பே அவர் வாங்கி வைத்திருந்த பலகைகள் அவை. மச்சானைத் தோற்கடித்த சந்தோசத்தில் அந்த நட்டம் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அச்சிமுகம்மதுவின் மீன் அந்த வருசம் முழுக்க மாட்டு வண்டியில் கல்முனைக்குப் போனது. பாதி நாட்கள் விலை போகாமல் திரும்பி, கருவாடானது.

ஒரு நாள் அந்தியில், மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முன்பு அவர் வண்டியை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குள் வந்தார். றபீக்கா அப்போதுதான் சபூறாவிடம் போய்விட்டு வந்திருந்தாள். இருவரும் பூங்கா வாங்கில் உட்கார்ந்து கதைத்தார்கள், சபூறா இடையில் மூச்சு வாங்காமல் ஒரு கலியாணக் கதை முழுவதையும் சொல்லி முடித்தாள் என்றாள்.

அச்சிமுகம்மது குனிந்து கால் கழுவிக்கொண்டே கேட்டார். "ராவையில படுத்து ஒறங்குறாளாமா?"

"ஒறங்குறா. அல்லாஹ் காப்பாத்தினான். உங்களை நம்பியிருந்தா அவளுக்கு மூச்சு இரிக்காது. உங்கட வாயால நமக்கும் யாவாரம் இல்லாமப் போச்சு."

அவர் மற்றக் காலையும் கழுவினார்.

திரும்பி வந்த மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு றபீக்கா சலித்துக்கொண்டாள். "அந்த மனுசன் கடைக்குப் பலகையும் வாங்கி வெச்சிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்திரிக்கார். நீங்க அண்டைக்குப் போய் வாயத் திறக்காட்டி, அவரே சந்தைக்குக் கை தூக்கியிருப்பாரே."

"ஓம். அதுக்குத்தான் போனன்."