வரம்பு மீறும் கல்யாணம்

“இந்தக் கல்யாணம் இப்போ வேண்டாம், மேடம். தள்ளிப் போட்டுடுங்க.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த குமாஸ்தா, தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார். அரசாங்கக் குழந்தைகள் காப்பீட்டு அலுவலகத்தின் ஆறாம் கவுண்டர் அது. அவருக்கு அங்கே ‘சட்டப்புத்தகம்’ என்று பெயர்.

இரண்டு மணி நேரம் டோக்கனோடு காத்திருந்து வந்தவளுக்கு முகம் வாடிவிட்டது. அவளுடைய ஐந்து வயது மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்தே அந்தக் குழந்தைக்குக் காது கேட்காது.

“இன்னும் பதினெட்டு நாள்தான் சார் இருக்கு. பத்திரிகையெல்லாம் கொடுத்தாச்சு.”

“பாப்பாவுக்குக் காதுக்குள்ள கருவி வைக்கிற ஆபரேஷன் என்னிக்கு?”

“அடுத்த மாசம் கடைசியில. இன்னிக்குக் காலையிலதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து லெட்டர் வந்துச்சு.”

“அன்னிக்கு உங்க கார்டு செல்லுபடியா இருக்கணும். இப்போ உங்க தையல் வருமானம் மட்டும்தான், வரம்புக்குள்ள வருது. கல்யாணம் ஆன அன்னிக்கே வீட்டுக்காரர் சம்பளமும் சேர்ந்துடும்.”

விண்ணப்பத்தில் ‘மணமகனின் மாத வருமானம்’ என்ற கட்டத்தை அவள் காலியாக விட்டிருந்தாள். அவர் பேனாவைத் திறந்து அதில் ஒரு தொகையை எழுதினார். கால்குலேட்டரில் இரண்டையும் கூட்டி அவள் பக்கம் திருப்பினார்.

“பாருங்க, தாண்டிடுச்சு. கார்டு ரத்து.”

“அவர் ஆபீஸ்லயும் இன்ஷூரன்ஸ் இருக்கே சார்?”

“இருந்தும் பிரயோஜனமில்லை. புதுசா சேர்க்கிற குழந்தைக்கு ஒரு வருஷம் கழிச்சுதான் ஆபரேஷன் செலவு தருவாங்க. அதுக்குள்ள பாப்பாவுக்கு ஆறு வயசு முடிஞ்சிடும். ஆறு முடிஞ்சா இந்த ஆபரேஷனுக்கு எந்தத் திட்டத்துலயும் பணம் கிடையாது.”

பின்னால் வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற பருமனான பெண்மணிக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்ப்பா, கல்யாண விஷயத்தை எழுதாம விட்டா உன் சொத்தா கரைஞ்சு போயிடும்? யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்மா.”

“ஆமா, இவர் ஒருத்தராலதான் மழை பெய்யுது!”

வரிசை சிரித்தது. குமாஸ்தா சிரிக்கவில்லை.

“எத்தனை நாள் சார் தள்ளிப் போடணும்?” என்று கேட்டாள் அவள்.

“ஆபரேஷன், அதுக்கப்புறம் இதே கார்டுல பேச்சுப் பயிற்சி. எல்லாம் முடிய எட்டு மாசம்.”

“எட்டு மாசமா! மாப்பிள்ளைக்கு நாற்பது நெருங்குது சார். இப்பவே தலையில பாதி முடியைக் காணோம்.”

“அந்த விவரமெல்லாம் படிவத்துல கேக்கலை, மேடம்.”

“அவங்க அம்மா வேற, ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க. இனிமே போய் யார் அவங்ககிட்ட சொல்றது?”

பேனா ஒரு கணம் நின்றது. குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மாப்பிள்ளைதான் சொல்லணும்.”

அவள் குனிந்து மகளைப் பார்த்தாள். கண்ணாடியில் மூச்சால் பனி படிய வைத்து, விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள் குழந்தை. பக்கத்துக் கவுண்டரில் யாரோ போட்ட கூச்சல் எதுவும் அவளை எட்டவில்லை.

“இவ ஒரு தடவை என் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தா போதும் சார்” என்றாள் அவள். பேனாவை வாங்கிக் கல்யாணத் தேதியை அடித்தாள். அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

குமாஸ்தா முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். அந்தச் சத்தத்தில், அந்தக் குழந்தையைத் தவிர எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆபரேஷனுக்கு அனுமதி கொடுத்தாச்சு, மேடம். அடுத்த டோக்கன்!”

அடுத்த டோக்கன் அந்தப் பருமனான பெண்மணியுடையதுதான். ஆனால் அவள் தன் காகிதங்களை நீட்டவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

“கல் மனசுய்யா உனக்கு! பதினெட்டு நாள்ல நடக்க வேண்டிய கல்யாணத்தை ஒரே குத்துல நிறுத்திட்டியே. வீட்டுல நாளைக்கு ஒருத்தி வந்தா அவகிட்டயும் இப்படித்தானே சட்டம் பேசுவே? உனக்கெல்லாம் எவ கழுத்தை நீட்டுவா?”

விண்ணப்ப நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

“நான்தான்க்கா.”