பலாப்பழ மனு

விரிசல் விட்ட வகுப்பறைச் சுவரோரம் தலைமையாசிரியர் சௌந்தரராஜன் நான்கு பலாப்பழங்களைப் பிளந்து வைத்தார்.

“சார், இந்த வாசத்துக்குத் தேன்கனிக்கோட்டைக் காட்டுல இருந்து ஆனை வந்துரும்!” பதறினார் சத்துணவு சமைக்கும் கருப்பாயி.

“வரட்டும்மா. இடிஞ்சு விழுந்த கட்டடத்துக்குத்தான் அரசு நிதி தருமாம். பிள்ளைங்க ஆறு வருஷமா மரத்தடியிலதான படிக்குதுங்க?”

மறுநாள் காலை பழங்கள் இல்லை. யானை உடம்பை உரசிய சேற்றுத் தடம் சுவரில் இருந்தது. சுவரும் இருந்தது.

யானை வந்த சேதி கேட்டுப் பொறியாளர் ஜெகதீஷ் வந்தார். சேற்றுத் தடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“ஆனையாலயே சாய்க்க முடியல. அப்புறம் என்ன சார் பயம்?”

அங்கேயே நின்று அறிக்கை எழுதினார்:

‘கட்டடம் உறுதியாக உள்ளது. மரத்தடி வகுப்பை இன்றே உள்ளே மாற்றவும்.’