விருந்துக்கு வைத்த கம்பு

ஜமீன் என்றொரு கிளிமூக்குச் சேவல். மூக்கு கிளிக்கு இருப்பது போல வளைய வேண்டும் என்று, சடையப்பன் ஏழு தலைமுறைக் கோழிகளைப் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்தார். மூக்கும் வளைந்தது. வளைந்து வளைந்து, பரவிக் கிடக்கும் தானியத்தை ஜமீனால் கொத்தவே முடியாத அளவுக்கு வந்து நின்றது. ஆழமான சட்டியில் முகத்தைப் புதைத்து அள்ளினால்தான் அதற்குச் சாப்பாடு. இது வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமே என்று ஜமீனுக்கு உள்ளூரப் பயம்.

அன்று அதற்குப் பெண் வந்தது. பெயர் அல்லி, மூக்கு ஜமீனைவிட வளைவு. புதுப்பெண் ஆயிற்றே என்று சடையப்பன் சட்டியை எடுத்துவிட்டு, பித்தளைத் தாம்பாளத்தில் கம்பைத் தூவி வைத்தார்.

ஜமீனுக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது.

"நீங்க முதல்ல சாப்பிடுங்க" என்றது, ரொம்பப் பெருந்தன்மையாக.

"ஐயோ, நீங்க சாப்பிடாம நான் எப்படிங்க?" என்றது அல்லி.

"விருந்தாளி நீங்க."

"வீட்டுக்காரர் நீங்க."

உச்சிவெயில் வரைக்கும் இதே பேச்சு. வேலிக்கடியில் நுழைந்து வந்த குப்பைமேட்டுக் கோழி ஒன்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது.

"ரெண்டு பேருக்கும் வேண்டாம்னா சரி" என்று சொல்லி, தாம்பாளத்தை மளமளவென்று காலி செய்துவிட்டுப் போனது.

ஜமீனும் அல்லியும் பசி மயக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. சடையப்பன் உருகிப்போய் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"வெட்கத்தைப் பாரு! வம்சம்னா சும்மாவா? இதுங்க குஞ்சுக்கு மூக்கு இன்னும் கொஞ்சம் வளைஞ்சிட்டாப் போதும்."