மரியா எலேனிக்கு ஓர் அர்ச்சனை

"மரியா எலேனி எண்டது ஆர், அக்கா?"

கேட்டவர் தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கதிரைக் கையில் வைத்தார். இலட்சுமிப்பிள்ளை நிலத்தைப் பார்த்தார். அவருடைய கணவர் ஆழ்வாப்பிள்ளை, கூரையில் ஏதோ புதிதாக முளைத்ததுபோல மேலே பார்த்தார்.

இப்படி ஒரு கேள்வி வருமென்று இருவரும் பயந்துகொண்டுதான் இருந்தார்கள். மகன் தியாகலிங்கத்துக்கு இறுப்பிட்டியில் பெண் பேசியிருந்தது. பெண் பகுதி அன்றைக்கு நயினாதீவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தது. பெரியவர்கள் வருமுன்னம் ஓர் ஆள் வந்து மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது தீவுப் பகுதியில் வழக்கம். அவர் தன்னை இன்னார் என்று சொல்லமாட்டார். கேட்பதும் மரியாதையில்லை.

"கோயிலடியில விசாரிச்சனான்," என்றார் வந்தவர். "முந்தி வெள்ளிக்கு வெள்ளி சோபியா எண்ட பேருக்கு அர்ச்சனை செய்தனீங்களாம். இப்ப மரியா எலேனியாம். மகன் வெளிநாட்டில எல்லே?"

இலட்சுமிப்பிள்ளைக்கு முகம் எரிந்தது. துறையடிக் கடைக்காரன் "தியாகு இந்த மாதம் ஆரோடை?" என்று கேட்ட நாளிலிருந்து ஆழ்வாப்பிள்ளை சுருட்டை விட்டிருந்தார். சுருட்டு அந்தக் கடையில்தான் விற்றது.

"தம்பி, அது பொம்பிளையள் இல்லை. கப்பல்," என்றார் இலட்சுமிப்பிள்ளை.

"ரெண்டு கப்பலோ?"

"ஒண்டுதான்."

வந்தவர் மீசையைத் தடவினார்.

"இஞ்சேரும், சொல்லாதையும்," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "பெடியன் என்ன சொல்லிப்போட்டுப் போனவன்?"

"சொல்லாட்டி இந்தச் சம்பந்தமும் போயிடும். என்ர பிள்ளையைப் பொம்பிளைக் கள்ளன் எண்டு ஊர் சொல்லுது. எனக்குச் சன்னிதியில நிமிர்ந்து நிக்க ஏலாமல் கிடக்கு."

பிறகு அவர் நிறுத்தவில்லை.

"அது எண்ணெய்க் கப்பல், தம்பி. எண்ணெய் குடுக்கக்கூடாது எண்டு தடை போட்ட நாட்டுக்கு முதலாளி கள்ளமாக் கொண்டுபோறார். நடுக்கடலில பேரை அழிச்சுப்போட்டு வேற பேர் எழுதுவினம். எழுதுறது எங்கட பெடியன்தான். எழுத்து வடிவெண்டு கப்டன் அவனைத்தான் கயித்தில இறக்குவாராம். தேடிக்கொண்டு திரியிற ஆக்களும் இருக்கினமாம். பிடிபட்டால் மறியல் வீட்டிலதான் கிடக்கவேணும், ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ எண்டவன்."

"பிறகேன் கோயில்ல சொன்னனீங்கள்?"

"நான் அம்மாளுக்குத்தான் சொன்னனான். ஐயர் ஊருக்குக் கேக்கச் சொன்னதுக்கு நான் என்ன செய்யிறது? பேர் மாறினால் உடனே அறிவி எண்டு மகனிட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன். பழைய பேருக்கு அர்ச்சனை செய்தால் அந்தப் புண்ணியம் வேற ஆற்றையோ கப்பலுக்கெல்லே போகும்?"

வந்தவர் நியாயம்தான் என்பதுபோலத் தலையாட்டினார்.

மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் சம்பளம் கேட்பார்கள், சாதகம் கேட்பார்கள். இவர் கப்பலின் புகைபோக்கி என்ன நிறம் என்று கேட்டார். படித்த குடும்பம்தான் என்று ஆழ்வாப்பிள்ளை மனதுக்குள் மெச்சிக்கொண்டு, சிவப்பும் மஞ்சளும் என்று தானே பதிலும் சொன்னார்.

இலட்சுமிப்பிள்ளை அலுமாரியைத் திறந்து ஒரு படத்தை எடுத்து வந்தார். கப்பலின் பின்பக்கத்தில் கட்டித் தொங்கவிட்ட பலகையில் குந்தியிருந்து தியாகலிங்கம் எழுதிக்கொண்டிருந்தான். பழைய பெயரில் பாதி இன்னும் அழியவில்லை. புதியதில் பாதி வந்துவிட்டது.

"இதை நான் கொண்டுபோகலாமோ?"

"இதில முதுகுதானே தெரியுது, தம்பி. பொம்பிளைக்குக் காட்ட நல்ல படம் வேற கிடக்கு."

"எனக்கு இது காணும். இப்ப ஆள் எங்க?"

"மொம்பாசாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். அங்கயிருந்து வெளிக்கிட்டவுடன அனஸ்தாசியா எண்டு மாத்தப் போகினமாம். ஐயரிட்டை இப்பவே சொல்லி வைச்சிட்டன்."

வந்தவர் எழும்பிக் கைகூப்பினார். "இனி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, அக்கா."

ஆழ்வாப்பிள்ளை அவரைப் படலை வரை கூட்டிக்கொண்டு போய் வழியனுப்பினார். அப்படியே துறையடிக்கு நடந்து, கடைக்காரனின் முகத்தை நேரே பார்த்து ஒரு கட்டுச் சுருட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அவர் முதல் சுருட்டைப் பற்றவைக்கையில் படலை திறந்தது. ஒரு பெரியவரும் மனைவியும் வாழைப்பழச் சீப்போடு நின்றார்கள்.

"நான் இறுப்பிட்டிப் பாலசிங்கம். வள்ளம் பிந்திப்போச்சு, குறை நினையாதேங்கோ."

"வாங்கோ, வாங்கோ," என்றார் இலட்சுமிப்பிள்ளை, தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டு. "உங்கட ஆளுக்கு எல்லாம் விளக்கமாச் சொல்லி அனுப்பினனாங்கள்."

பாலசிங்கம் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தார்.

"நாங்கள் ஒருத்தரையும் அனுப்பேல்லையே."