மரத்துப் போகும் வரைக்கும்

"ஊசி போட்டாச்சு சார். இனி பல்லப் பிடுங்கினாலும் பக்கத்து வீட்டுக்காரர் பல்லு மாதிரிதான் இருக்கும்" என்றார் பல் டாக்டர்.

நாற்காலியில் மல்லாந்திருந்த தங்க ஃபிரேம் கண்ணாடிக்காரர், இறுக மூடியிருந்த கண்ணைத் திறந்தார். கடவாய்ப் பல் சொத்தை. வலி என்றாலே அவருக்கு உயிர் போய்விடும். உள்ளே வரும்போதே, "வலி மட்டும் தாங்க மாட்டேம்மா" என்று நர்ஸிடம் கெஞ்சிவிட்டுத்தான் செருப்பையே கழற்றினார்.

"மரத்துப் போக கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம்."

இந்த டாக்டரிடம் போனால் பல்வலி போய்க் காதுவலி வரும் என்பது தெருவுக்கே தெரியும். மனுஷன் சீரியல் பைத்தியம். 'பெரிய அண்ணி' வருகிற நேரமாகிவிட்டால், பாதி குடைந்த பல்லில் பஞ்சை அடைத்து, "மீதி நாளைக்கு" என்று அனுப்பிவிடுவார். விவரம் தெரிந்தவர்கள் முதல் நாள் எபிசோடைப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் வாயைத் திறப்பார்கள். கண்ணாடிக்காரர் வெளியூர், பாவம்.

"விருது நாமினேஷன் வந்திருக்கே, பாத்தீங்களா சார்? அந்த அறிவிப்பு நிகழ்ச்சிய நான் ரெண்டு தடவை பாத்தேன். வயித்தெரிச்சல். தேர்வு பண்ணவங்க வேற மேடையில வரிசையா பல்லக் காட்டிக்கிட்டு நின்னாங்க. சரி, சினிமாப் பக்கமாவது தேறும்னு பாத்தா, அங்க தாடி வளத்தவன், உடம்பு இளைச்சவன், மொட்டை அடிச்சவன். சலூன்காரருக்குக் குடுக்க வேண்டிய விருத நடிகருக்குக் குடுக்குறாங்க."

கண்ணாடிக்காரர் சிரித்தார்.

"அத விடுங்க. டிவியில சிறந்த நடிகைக்கு அஞ்சு பேர். அதுல எங்க அண்ணி இல்ல. பதினோரு வருஷமா அந்த சீரியலயே ஒத்தையா சுமக்கிறாங்க. போன மாசம் புருஷன் செத்த சீன்ல ஒரு சொட்டுக் கண்ணீர் விடல சார். வாசல்ல கெடந்த அவர் செருப்ப எடுத்து உள்ள வச்சாங்க. அவ்வளவுதான். தெனம் பல்லப் பிடுங்குற கை இது, அன்னிக்குக் குறட்டத் தொடவே இல்ல."

கொப்பளிக்க நர்ஸ் தம்ளரில் தண்ணீர் நீட்டினார். ஊசி போட்டுக்கொண்டவர்கள் உதடு கோணி, பாதித் தண்ணீரைக் கழுத்துத் துண்டில்தான் துப்புவார்கள். இவர் ஒரு சொட்டுச் சிந்தாமல் கொப்பளித்தார். நர்ஸ் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கையுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"நான் யாருன்னு உங்களுக்குத் தெரியலயா டாக்டர்?" கண்ணாடிக்காரர் லேசாகத் தலையைத் தூக்கினார். "அந்த மேடையில நின்னவங்கள்ல நானும் ஒருத்தன். தேர்வுக் கமிட்டி."

நர்ஸ் கையிலிருந்த தட்டு கிணுங்கியது. அண்ணிக்கு வயசாகிவிட்டது என்று வாய் தவறிச் சொன்ன மளிகைக் கடைக்காரர், வாயில் பஞ்சோடு மத்தியானம் முழுக்க இதே நாற்காலியில் காய்ந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

"அப்படிங்களா சார்" என்றார் டாக்டர், வெளியே வெயில் அடிக்கிறது என்று யாரோ சொன்ன மாதிரி. "அப்ப நீங்களே சொல்லுங்க. எங்க அண்ணி ஏன் வரல?"

"யாரு, அந்தக் கொண்டை போட்ட அம்மாவா? நல்லவங்கதான். கடைசி ரவுண்டு வரைக்கும் வந்தாங்க. லிஸ்ட்ல வரல."

"செருப்பு சீன் பாத்தீங்களா?"

"மூவாயிரம் எபிசோடு ஓடியிருக்கு, உக்காந்து யாரு பாக்குறது? சாப்பிட்டுக்கிட்டே அந்த ஒரு சீன மட்டும் போட்டுப் பாத்தோம். புருஷன் செத்துக் கெடக்கான், அந்தம்மா கல்லு மாதிரி நிக்குறாங்க. வலின்னா தெரிய வேணாமா டாக்டர்? கத்தணும், துடிக்கணும், பாக்குறவன் வயித்தப் பெசையணும். வலியே தெரியல, அப்புறம் என்ன நாமினேஷன்?"

"நியாயம்தான். வலின்னா தெரியணும்."

"நான் இதுலயே ஊறினவன். அசல் எது, நடிப்பு எதுன்னு சத்தத்த வச்சே சொல்லிடுவேன்."

டாக்டர் மரியாதையாகத் தலையாட்டினார். வாயை அகலத் திறக்கச் சொல்லி, மூடிக்கொள்ளாமல் இருக்க ரப்பர் கட்டையைப் பல்லுக்கு நடுவில் செருகினார். அத்துடன் கமிட்டியின் பேச்சு முடிந்தது.

"சிஸ்டர், அந்தக் கதவச் சாத்துங்க. வெளிய பெஞ்சுல ஆளு இருக்காங்க."

குறடு கடவாய்ப் பல்லைக் கவ்வியது. லேசாகத்தான் அசைத்தார். கண்ணாடிக்காரரின் இரண்டு கால்களும் நாற்காலியை விட்டு எழும்பின. தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில் நடிப்பு துளிக்கூட இல்லை.

தங்க ஃபிரேம் ஒரு பக்கமாகச் சரிந்தது. கண்ணில் நீர் முட்ட, விரலால் பக்கத்துத் தட்டைக் காட்டினார். மரத்துப் போக வைக்கும் மருந்துக் குப்பி அங்கே மூடிகூடத் திறக்காமல் நின்றது. அதன் அருகில், ஊசி போட்ட சிரிஞ்சும் மூடி திறந்த தண்ணீர்ப் பாட்டிலும்.

டாக்டர் அவர் காதருகே குனிந்தார். குறடு பல்லை விடவில்லை. குரலில் பணிவும் குறையவில்லை.

"மருந்துங்களா சார்? கடைசி ரவுண்டு வரைக்கும் வந்துச்சு. லிஸ்ட்ல வரல."