இடப்பக்கத்துப் பலகை

நடராசா உளியின் தலையில் இன்னோர் அடி வைத்தார். பலகை இடுக்கில் பஞ்சு இறுகி மறைந்தது.

கடல் வற்றியிருந்தது. முழங்கால் சேற்றில் வள்ளம் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தண்ணீர் திரும்பிவர இன்னும் ஒரு மணித்தியாலம்தான்.

வந்ததும் அம்மனின் கும்பம் இந்த வள்ளத்தில் ஏறி அக்கரைக் கோயிலுக்குப் போகவேண்டும். அம்மனுக்கு எஞ்சின் ஆகாது. பாய்தான்.

மூன்று தலைமுறையாகக் கும்பம் ஏற்றியது நடராசாவின் வீட்டு வள்ளம். அது பழுதாகிவிட்டது என்று சொல்லி, இந்த வருடம் கோயிற்சபை குகதாசனின் வள்ளத்துக்கு அந்த மரியாதையைக் கொடுத்தது. சபை முடிவைக் கேட்ட நாளிலிருந்து நடராசா கோயில் வாசலை மிதிக்கவில்லை.

இன்று காலை குகதாசன் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கியதும் வலப்பக்கத்தால் ஒழுகத் தொடங்கியது. இடுக்கில் பஞ்சடித்து ஒழுக்கு நிறுத்தத் தெரிந்த கை பூநகரிக் கரையில் இப்போது ஒன்றுதான். குகதாசன் நடராசாவின் வீட்டுப் படலையில் வந்து நின்றான்.

"என்ர பிள்ளையள் மூண்டும் கும்பத்தோட ஏறுதுகள். உங்களை விட்டா எனக்கு ஆர் அண்ணை?"

நடராசா உளியை எடுத்துக்கொண்டு நடந்தார். ஊர் அதைப் பெரிய மனம் என்றது.

வலப்பக்கம் முடிந்தது. அவர் முதுகை நிமிர்த்தவில்லை. சுற்றிப் போய், வள்ளம் சாய்ந்து புதைந்திருந்த பக்கத்தில் சேற்றைத் தோண்டத் தொடங்கினார். ஒரு கை அள்ளினால் இரண்டு கை சேறு வந்து மூடியது.

"வள்ளத்தை நிமிர்த்து. இந்தப் பக்கமும் பாக்கவேணும்."

"அதில பிழையில்லை அண்ணை. தண்ணி மற்றப் பக்கத்தால வந்ததை நான் கண்ணால கண்டனான். நிமிர்த்தப் பத்துப் பேர் வேணும், எல்லாரும் கும்பத்தோட வருகினம்."

தேத்தண்ணி கொண்டுவந்த குகதாசனின் மனைவி கௌசலா சிரித்தாள். "எங்கட வள்ளத்தில குறை கண்டாத்தானே அண்ணைக்குத் தேத்தண்ணி இறங்கும்!"

நடராசா தேத்தண்ணியை வாங்கவில்லை. ஒன்று சொல்ல நிமிர்ந்தார். தூரத்தில் தவில் கேட்டது. ஊரே வந்துகொண்டிருந்தது. குனிந்து மறுபடி தோண்டினார்.

தோண்டிய குழிக்குள் சேற்றோடு தண்ணீரும் வந்தது. பிறகு கணுக்கால். பிறகு முழங்கால்.

வள்ளம் மெல்ல அசைந்து, தானாகவே நிமிர்ந்தது.

கும்பம் ஏறியது. புதுச் சட்டை போட்ட மூன்று பெண்பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். குகதாசன் எல்லோரும் கேட்கும்படி சொன்னான்.

"முன்னுக்கு வந்து நில்லுங்கோ அண்ணை. அது எண்டைக்கும் உங்கட வீட்டு இடம்."

ஒரு மாதமாக அந்த இடத்துக்காகத்தான் அவர் தூங்காமல் கிடந்தார்.

ஏறினார். முன்னுக்குப் போகவில்லை. சேறு படிந்த இடுப்புச் சாரத்தோடு வள்ளத்தின் அடியில், இடப்பக்கப் பலகையோடு ஒட்டி உட்கார்ந்தார்.

"தண்ணி இறைக்கிற வாளியைத் தா."

"அடைச்ச கையில உங்களுக்கே நம்பிக்கை இல்லையோ?" என்று குகதாசன் சிரித்தான்.

பாய் புடைத்தது. கரை பின்னால் போனது. கடைசிப் பிள்ளை தண்ணீரில் கைவிட்டு அளைந்து சிரித்தது.

நடராசாவின் குதிகாலில் குளிர்ந்தது.

மடிக்குள் கைவிட்டு, எண்ணெய் ஊறிக் கறுத்த ஒரு சாண் பழைய பஞ்சை எடுத்தார். பார்க்காமலே இடுக்கில் திணித்து, குதிகாலால் மிதித்துக்கொண்டார்.

நேற்று மத்தியானம் ஊர் முழுவதும் கோயிலில் நின்றது. வள்ளம் முட்டுக்கொடுத்துக் கரையில் நிமிர்ந்து நின்றது. இரண்டு பக்கத்துப் பஞ்சும் அவருடைய உளிக்கு எட்டியது.